எந்த நேரத்து நகல்?

சாலையோரத்தில் பொக்லைன் நின்று பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தால் நானும் நின்றுவிடுவேன். கூட வருபவர்களுக்கு இது எரிச்சல். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் எட்டிப்பார்க்கிறதா என்று தேடுவேன். அதற்குள்தான் கண்ணாடி இழை ஓடுகிறது. பொக்லைனின் பல் அதில் பட்டுவிட்டால் எங்கோ ஓர் ஊரில் என்னைப் போன்ற ஒருவனின் போன் அடிக்கும். வேலையை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை.

2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்றது. மறுபடி தொடங்கும்போது மாலை 3.45. அன்று மட்டும் ஐந்து மணி வரை வர்த்தகம் நடந்தது. காரணத்தைச் சந்தையே விளக்கியது. பிரதான மையத்துக்கும் பக்கத்திலிருந்த மாற்று மையத்துக்கும் இடையே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. வழியில் நடந்த தோண்டும் வேலைகளால் இரண்டுமே தடுமாறின. அதன் விளைவாகப் பிரதான மையத்தின் டிஸ்க் சேமிப்பகமே சர்வர்களுக்கு எட்டாமல் போனது. தீ இல்லை, வெள்ளம் இல்லை. நகல் போகும் வழி கெட்டது, அசல் படுத்துவிட்டது. தொலைதூர மையம் ஒன்று நம் சென்னையிலேயே அவர்களுக்கு உண்டு. அன்று அதற்கு மாறவில்லை.

அது மெயின்பிரேம் கதை இல்லை என்று, மெயின்பிரேமில் என்னோடு வேலை பார்த்த பழைய சகாக்கள் வாதாடுவார்கள். ஆனால் டிஸ்க்கை இரண்டு ஊர்களில் வைத்து ஒன்றைப் போல் இன்னொன்றை வைத்திருக்கும், அதாவது மிரரிங் செய்யும், எவருக்கும் அது சொந்தக் கதைதான். நகல் எதற்கு? அசல் கெட்டால் உதவ. அப்படியிருக்க, நகலுக்குப் போகும் வழி கெட்டதற்கு அசல் ஏன் நிற்க வேண்டும்? வெளியே இருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம். பாதி ஆயுளை அந்த டிஸ்க்குகளோடு குடித்தனம் நடத்திய எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் டீமில் ஒரு சீனியர் இருந்தார். எல்லோரும் பெரியவர் என்போம். வளைகுடாவில் டேப் ஆபரேட்டராகத் தொடங்கி, ஒய்2கே காலத்தில் சென்னைக்கு வந்து, வெளிநாட்டு வங்கிகளின் மெயின்பிரேம்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலையில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர். புதிதாக மிரரிங் வாங்கியிருக்கிறோம், இனி ஒரு பைட்கூடப் போகாது என்று யார் வந்து சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே கேள்வியைக் கேட்பார்.

“நகல் இருக்கு, சரி. எந்த நேரத்து நகல் தம்பி?”

“இப்போதைய நேரம்தான் சார். ஒரு நொடிகூடப் பிந்தாது.”

“அதுதான் பயமா இருக்கு” என்பார்.

அந்தப் பயம் எனக்குப் புரிய நாளானது. அதற்கு முன் மிரரிங்கின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாவம். ஐபிஎம்மின் பிபிஆர்சி, இஎம்சியின் எஸ்ஆர்டிஎஃப் எல்லாம் 1990களின் நடுவில் வந்தவை. அதற்கு முன் டிஆர், அதாவது பேரிடர் மீட்பு, என்றால் டேப்தான். வாரக் கடைசியில் முழு டம்ப் எடுத்து, பெட்டியில் அடுக்கி, வேனில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்கு அனுப்புவார்கள். மெயின்பிரேமில் பிசாம், விசாம் என்று ஆக்சஸ் மெத்தட்கள் உண்டே, அந்த வரிசையில் இதற்கு பிடிஏஎம் என்று கேலிப்பெயர்: பிக்கப் டிரக் ஆக்சஸ் மெத்தட். கட்டடம் போனால் டேப்பை எடுத்துக்கொண்டு வாடகை மையத்துக்கு ஓடி, ஒவ்வொரு வால்யூமாகத் திரும்ப ஏற்ற வேண்டும். ஐபிஎம்மின் 3390 மாடல்-3 டிஸ்க் வால்யூம் ஒன்றில் 3,339 சிலிண்டர்கள், ஏறக்குறைய 2.8 ஜிபி. இன்று பாக்கெட்டில் கிடக்கும் பென்டிரைவுக்கு அது தூசு. ஆனால் அப்படி ஆயிரக்கணக்கான வால்யூம்களை டேப்பிலிருந்து ஏற்றி முடிப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். அதன் பிறகும் கிடைப்பது போன வாரக் கணக்கு. மிரரிங் அந்த இரண்டு நாளை விழுங்கியது. பிறகு ஹைப்பர்ஸ்வாப் வந்தபோது ஒரு டிஸ்க் பெட்டி முழுவதுமாகச் செத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கே தெரியாமல் மறுபக்கத்துக்கு மாற்றிவிட முடிந்தது. முதல் முறை கன்சோலில் அதைப் பார்த்த இரவு யாரும் டீ குடிக்கக்கூட எழவில்லை.

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. சிங்க்ரனஸ் மிரரிங்கில், ஒரு ரைட், அதாவது எழுதும் கட்டளை, முதல் டிஸ்க்கில் விழுந்ததும் இரண்டாம் ஊருக்கும் போகும். அங்கிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வந்த பிறகே புரோகிராமுக்கு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லப்படும். ஒரு வால்யூமுக்கு இது சுத்தமான ஏற்பாடு. ஆனால் வங்கி ஒரு வால்யூமில் இல்லையே. மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டில் முதலில் குறித்துக்கொண்டு, சரக்கைக் கட்டிக் கொடுத்து, பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போடுவார், டேட்டாபேஸும் அப்படித்தான். ‘மாற்றப்போகிறேன்’ என்று லாக்கில் ஒரு வரி, பிறகு கணக்கில் மாற்றம், பிறகு ‘மாற்றிவிட்டேன்’ என்று லாக்கில் இன்னொரு வரி. லாக் ஒரு வால்யூமில் இருக்கும், கணக்கு வேறொரு பெட்டியின் வேறொரு வால்யூமில்.

தீப்பிடித்த கட்டடம் ஒரே நொடியில் சாகாது. முதலில் ஒரு கேபிள் போகும், சற்றுப் பொறுத்து ஒரு கண்ட்ரோல் யூனிட், அதன் பிறகு மின்சாரம். ரோலிங் டிசாஸ்டர் என்பார்கள் எங்கள் ஆட்கள். கணக்கு இருக்கும் பெட்டியின் இணைப்பு முதலில் அறுந்து, லாக் இருக்கும் பெட்டியின் இணைப்பு சில விநாடிகள் கூடுதலாக உயிரோடு இருந்தால் போதும். அசல் இடத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கும். மறு ஊரில் லாக் மட்டும் முன்னே போயிருக்கும், கணக்கு பின்தங்கியிருக்கும். அங்கே டேட்டாபேஸைத் தூக்கினால் அது லாக்கை நம்பும். நடக்காத மாற்றத்தை நடந்ததாக எடுத்துக்கொள்ளும். டிஸ்க் முழுக்க டேட்டா இருக்கிறது, ஒரு வால்யூம்கூடக் குறையவில்லை, ஆனால் அது எந்த நேரத்துக் கணக்கும் இல்லை. அப்படி ஒரு நேரமே இருந்ததில்லை.

இதற்கு மருந்தாகத்தான் ஃப்ரீஸ் வந்தது. குழுவில் உள்ள ஒரு ஜோடி உடைந்தாலும் எல்லா ஜோடிகளையும் அதே கணத்தில் வெட்டிவிடுவது. மறுபக்கம் பழையதாக இருக்கலாம், ஆனால் ஒரே நேரத்துக்குரியதாக இருக்கும். ஐபிஎம் இதை ஜிடிபிஎஸ் என்ற பெயரில் 1998 வாக்கில் கட்டித் தந்தது. வெட்டிய பிறகு என்ன செய்வது என்பதுதான் சிக்கல், அதைக் கம்பெனி உங்களிடமே விட்டுவிடுகிறது. பாலிசியில் ஒரே ஒரு சொல். ஸ்டாப் என்றால், வெட்டியதும் பிரதான மையமும் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே கணக்கு, ஒன்றும் இழக்கவில்லை, ஆனால் யாரோ தெருவைத் தோண்டியதற்காக வங்கியே நின்றுவிடும். கோ என்றால், வேலை தொடரும். அது வெறும் கேபிள் கோளாறாக இருந்தால் நல்லது, நிஜமாகவே தீ என்றால் அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் கட்டடத்தோடு போகும்.

அந்த ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடுக்க நடந்த கூட்டம் மறக்கவில்லை. கடல் கடந்த ஒரு நிதி நிறுவனம், பெயர் வேண்டாம். எங்களுக்கு இரவு, அவர்களுக்குக் காலை. இரண்டு வழிகளையும் படம் போட்டு விளக்கினோம். எதிர்முனையில் ஒரு மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்களுக்கு நிற்கவும் கூடாது, இழக்கவும் கூடாது, அதற்குத்தானே இவ்வளவு செலவு செய்தோம் என்றார். பெரியவர் மைக்கை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “ரெண்டும் வேணுமாம். கல்யாணமும் ஆகணும், பிரம்மச்சாரியாவும் இருக்கணும்.” சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியில் கோ என்று வைத்தார்கள். முடிவெடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடத்தான் பல மாதம் ஆளில்லை. மும்பைச் சந்தை நின்ற அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் காலிக் கட்டம்.

மேலதிகாரியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விற்கிறவர்கள் அவரிடம் அப்படித்தான் விற்றிருப்பார்கள். மிரரிங்கைப் படமாகக் காட்டுவது எளிது: இரண்டு உருளை, நடுவே ஓர் அம்பு. அந்த அம்பின் நீளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோசெகண்ட் ஆகும். போய்த் திரும்ப 10. ஆக 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். மனிதனுக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் டிஸ்க் கண்ட்ரோல் யூனிட்டின் கேஷ் நினைவகத்தில் விழும் ரைட் ஒன்று அதில் ஒரு பகுதி நேரத்திலேயே முடிந்துவிடும். இரவில் மொத்தமாகக் கணக்கு ஓட்டும் பேட்சில் ஒரு ஜாப் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோடி ரைட் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிசெகண்ட் கூடினால் பத்தாயிரம் விநாடி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அதிகம். இதையே சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே வைத்தால் குறுக்கே நேர்கோட்டில் இழுத்தாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ரைட்டுக்குப் பத்து மில்லிசெகண்ட். அந்த ஒரு ஜாப்புக்கு மட்டும் 27 மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளின் பேட்ச் ஒரு நாளுக்குள் முடியாது. பணத்தால் தீராத பிரச்சினை இது. வேறு வேகத்தில் ஓடும் ஒளி எந்தக் கம்பெனியிடமும் இல்லை. எஸ்கான் கேபிள் காலத்தில் பிபிஆர்சிக்கு 103 கிலோமீட்டர்தான் எல்லை. பிறகு ஃபைபர் சேனல் வந்து 300 ஆனது. அந்த 300 வரை போகத் துணிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதனால் பக்கத்தில் வைத்தார்கள். பக்கத்தில் வைத்தால் ஒரே மின்கட்டம், ஒரே புயல், ஒரே ஊரடங்கு. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு நியூயார்க் நிதி நிறுவனங்கள் கற்றுக்கொண்டதில் இதுவும் ஒன்று. டேப்பை நம்பியிருந்தவர்களுக்கு இன்னொரு அடி: அமெரிக்கா முழுவதும் விமானங்கள் தரையிறக்கப்பட்டன. டேப் பெட்டியும் பறக்க முடியாது, அதை ஏற்றத் தெரிந்த ஆளும் பறக்க முடியாது. மறு வருஷம் அமெரிக்க நிதிக் கண்காணிப்பு அமைப்புகள் ஒரு வரைவு வெளியிட்டன. அதில் மாற்று மையம் 200 முதல் 300 மைல் தள்ளி இருக்கலாம் என்ற பேச்சு வந்தது. வங்கிகள் கொதித்தன, அந்தத் தூரத்தில் சிங்க்ரனஸ் மிரரிங் நடக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டின. 2003 ஏப்ரலில் வந்த இறுதி ஆவணத்தில் குறைந்தபட்சத் தூரம் என்று எதுவும் இல்லை. ஒளியின் வேகத்துக்கு அரசாங்கம் வழிவிட்ட சம்பவம் என்று பெரியவர் இதைச் சொல்வார்.

தூரம் வேண்டுமென்றால் அசிங்க்ரனஸ். எக்ஸ்ஆர்சி, குளோபல் மிரர் எல்லாம் அந்த வகை. புரோகிராம் காத்திராது, ரைட்டுகள் பின்னால் வரிசையாகக் கிளம்பிப் போகும், மறு ஊர் சில விநாடிகள் பின்தங்கியிருக்கும். சில விநாடிதானே என்று தோன்றும். அந்தச் சில விநாடியில் ஒருவர் ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார், இன்னொரு வங்கிக்கு ஒரு பெருந்தொகை போய்ச் சேர்ந்திருக்கும். நம் டிஸ்க்குக்குத்தான் அது நினைவில்லை, உலகத்துக்கு நினைவிருக்கிறது. எது எது தொலைந்தது என்பதைத் தொலைந்த டிஸ்க்கிடம் கேட்க முடியாது. ஏடிஎம் ஸ்விட்ச், செட்டில்மென்ட் கோப்பு, எதிர்வங்கி என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கையேந்திக் கணக்கை நேர் செய்ய வேண்டும். அதற்கான ஜாப்களை எழுதி வைத்திருக்கும் இடங்கள் மிகக் குறைவு.

டென்மார்க் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பெரியவர் எந்தப் புதிய பையன் வந்தாலும் சொல்லும் கதை. 2003 மார்ச் 10, திங்கட்கிழமை. டான்ஸ்கே வங்கியின் கணினி மையம் ஒன்றில் ஐபிஎம்மின் ஆர்விஏ டிஸ்க் பெட்டியில் ஒரு மின்பாகத்தைச் சரிசெய்யும் வேலை. அந்த வேலையின்போதே மின்சாரம் துண்டிக்கப்பட்டு டிஸ்க் படுத்தது. அதைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பேட்ச் ஓடத் தொடங்கியதும் டிபி2 டேட்டாபேஸில் உள்ள கணக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதைச் சரிசெய்ய ரெக்கவரி ஓட்டினால் டிபி2வுக்குள்ளேயே ஒரு பிழை. அதைத் தாண்டினால் இன்னொன்று. அவற்றில் ஒன்று 1997 முதல் அந்த மென்பொருளில் யாருக்கும் தெரியாமல் கிடந்தது என்று வங்கி பின்னால் அறிவித்தது. ஒரு மின்பாகத்தைச் சரிசெய்யப் போய் ஏறக்குறைய ஒரு வாரம் போயிற்று. வங்கி அதை மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் சென்னையில் உட்கார்ந்து நாங்கள் படிக்க முடிந்தது. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

“அங்க மிரர் இருந்திருந்தா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“டிஸ்க் படுத்ததுக்கு உதவியிருக்கும். அதுக்கப்புறம் டிபி2 தப்புத்தப்பா எழுதினதை அங்கயும் அழகா எழுதி வெச்சிருக்கும்” என்றார்.

அந்த ‘அழகா’ எங்கள் வீட்டுக்கும் வந்தது. வேறொரு வாடிக்கையாளர், மாதக் கடைசி. நடுவில் நின்ற ஒரு பேட்ச் ஜாப்பை இரவு ஷிஃப்ட்டில் மறுபடி ஓட்டியிருக்கிறார்கள், தவறான ஸ்டெப்பிலிருந்து. ஏற்கெனவே ஏறிய வரவுகள் இரண்டாம் முறையும் ஏறின. ஜாப் ரிட்டர்ன் கோட் பூஜ்யத்தோடு முடிந்தது. அதாவது எல்லாம் நலம். இரண்டாம் ஊரின் டிஸ்க்கில் அதே தவறு, அதே வரிசையில், மில்லிசெகண்ட் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. விடியற்காலையில் அழைப்பில் சேர்ந்த மேனேஜர் முதலில் கேட்டது, டிஆர் சைட்டுக்கு மாறிவிடலாமா என்று. மாறலாம். அங்கும் இதே கணக்குதான் காத்திருக்கிறது. அன்று காப்பாற்றியது முந்தின இரவு எடுத்த இமேஜ் காப்பியும், அதிலிருந்து லாக்கை எந்த இடம் வரை ஓட்டி நிறுத்த வேண்டும் என்று கண்டுபிடித்த ஒரு பெண்ணும். லாக் எண்களை அச்செடுத்து, ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காபி ஆடை கட்டிக் கிடந்தது. கிடைத்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, “இது வரைக்கும் நல்ல கணக்கு” என்று மட்டும் சொன்னார். எந்த நேரத்து நகல் என்ற கேள்விக்கு அவ்வளவு துல்லியமான பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே வங்கி விழும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் 2012இல் பிரிட்டனில். ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் மெயின்பிரேமில் பேட்ச் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளை ஜூன் மாதம் புதுப்பித்தார்கள். கோளாறு தெரிந்ததும் புதியதை நீக்கிப் பழையதுக்குத் திரும்பினார்கள். வரிசை குலைந்தது. சுமார் 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2014இல் இரண்டு கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்டு. அங்கே எந்த வால்யூமும் தொலையவில்லை. எந்த ஜாப் ஓடியது, எது ஓடவில்லை, அடுத்து எது என்ற நினைவுதான் குழம்பியது. அதைக் கண்ணாடியில் பிரதிபலித்தால் குழப்பம் இரண்டு ஊர்களில் இருக்கும், அவ்வளவே.

பெரியவர் டேப் மனிதர் என்பதால் மிரரிங்கைத் தூற்றினார் என்று சிலர் நினைத்தார்கள். டேப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. மிரரிங் வந்த பிறகு நடந்த முதல் பெரிய டிஆர் டெஸ்ட்டில் அதற்கான காரணம் தெரிந்தது. மறு ஊரில் சிஸ்டத்தை ஐபிஎல் செய்தோம், அதாவது தொடக்கத்திலிருந்து எழுப்பினோம், டேட்டாபேஸ் எழுந்தது, ஆன்லைன் வந்தது, தொலைபேசியில் கைதட்டல். பேட்சைத் தொடங்கினோம். முதல் ஜாப்பே நின்றது. கன்சோலில் ஐஇஎஃப்233ஏ, இந்த எண்ணுள்ள டேப்பை மாட்டு என்று. மாட்ட அங்கே அந்த டேப் இல்லை. நடந்தது இதுதான்: எந்த ஃபைல் எங்கே என்று சொல்லும் கேட்லாக் டிஸ்க்கில் இருக்கிறது, எனவே கடைசி விநாடி வரை மிரர் ஆகியிருக்கிறது. நேற்றிரவு உருவான டேப் ஃபைலின் பெயரும் எண்ணும் அதில் பத்திரமாக இருக்கின்றன. டேப்போ அசல் ஊரின் கிடங்கில், வேன் வருவதற்காகக் காத்திருக்கிறது. டிஸ்க் இன்றைய கணக்கைச் சொல்கிறது, டேப் மூன்று நாள் முந்தையதைச் சொல்கிறது, கேட்லாக் இரண்டையும் ஒன்று என்று நம்புகிறது. பழைய டேப் காலத்தில்கூட இந்த வம்பு இல்லை. அப்போது எல்லாமே சேர்ந்து பழையதாக இருக்கும். பிறகு டேப்பும் டிஸ்க்குக்குள் நுழைந்து விர்ச்சுவல் ஆனது, அதற்கும் தனி நகல், அதற்குத் தனி வேகம். இரண்டு வேகத்தில் ஓடும் இரண்டு நகல்கள் எந்தக் கணத்தில் சந்திக்கின்றன என்று கேட்டால் மறுபடி அவருடைய கேள்விக்கே வந்து நிற்போம்.

டெஸ்ட் என்று சொன்னேன். அதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு, தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை பேட்சை ஒழுங்காக முடிப்போம், டேட்டாபேஸை முறையாக நிறுத்துவோம், மிரர் முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்போம், அதன் பிறகு ‘இப்போது பேரழிவு’ என்று அறிவிப்போம். தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு வரும் பேரழிவு. மறு ஊரில் எல்லாம் எழுந்துவிடும், ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். நிஜத்தில் அது மாதக் கடைசி இரவு ஒன்றரை மணிக்கு, பாதி ஜாப்கள் வாயில் சோற்றோடு இருக்கும்போது வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வெட்டி டெஸ்ட் செய்யலாம் என்று பெரியவர் எத்தனையோ முறை எழுதிப் போட்டார். ஒரே ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். அந்த டெஸ்ட் தோல்வி என்று பதிவானது. என் கணக்கில் நான் பார்த்ததிலேயே உருப்படியான டெஸ்ட் அதுதான்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியபோது எங்கள் வாடிக்கையாளர்களின் டிஸ்க்குகள் எல்லாம் கடல் கடந்து குளிராகவும் உலர்ந்தும் இருந்தன. மிரர் பச்சை விளக்கில். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள்தான் இங்கே மொட்டை மாடிகளில் நின்றார்கள். மின்சாரம் இல்லை, டவர் இல்லை, விமான நிலையம் மூடல். பல கம்பெனிகள் கிடைத்தவர்களைப் பேருந்தில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பின. டிஆர் திட்டத்தில் அசல் மையம் விழும் என்று இருந்தது, மாற்று மையம் விழும் என்று இருந்தது. இரண்டும் நன்றாக இருந்து, ஃப்ரீஸ் ஆனால் எந்தக் கோப்பைத் திறந்து எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று தெரிந்த ஆள் தண்ணீருக்கு நடுவே நிற்பான் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்த வாரம் அங்கே எதுவும் உடையவில்லை. உடைந்திருந்தால் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

பெரியவர் ஓய்வு பெற்றுக் கும்பகோணம் போய்விட்டார். அவர் போன பிறகு அவருடைய கேள்விக்கே ஒரு சரக்கு வந்தது. ரான்சம்வேர் பயம் பெருகி, டேட்டாவைப் பூட்டுகிறவன் மிரரையும் சேர்த்துப் பூட்டிவிடுவான் என்று எல்லோருக்கும் விளங்கியதும், ஐபிஎம் 2018இல் டிஎஸ்8000 டிஸ்க்குகளில் சேஃப்கார்டட் காப்பி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வால்யூமுக்கு 500 நகல்கள் வரை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்துக்குரியது, சிஸ்டம் புரோகிராமராலேயே எழுதவோ அழிக்கவோ முடியாதபடி. போனில் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“ஐநூறுல எது நல்லதுன்னு யார் பாத்துச் சொல்றது?”

“அதுக்கு மெயின்பிரேம்ல தனியா ஒரு பகுதி ஒதுக்கி, அதுல ஏத்திச் சோதிக்கணும் சார்.”

“சோதிக்க ஆள் வெச்சிருக்காங்களா?”

பேச்சை மாற்றிவிட்டேன்.

நான் வேலையை விடுவதற்கு முன் நடந்த கடைசிப் பயிற்சியில் அந்தக் கேள்வி நேராகவே வந்தது. கற்பனைத் தாக்குதல் ஒன்று. எந்த நகலுக்குத் திரும்புவது? அப்ளிகேஷன்காரர்கள் இரவு இரண்டு மணி நகல் என்றார்கள், அதற்குள் பேட்ச் முடிந்திருக்கும். டேட்டாபேஸ்காரர்கள் அதற்கு முந்தைய மாலை நகலைக் கேட்டார்கள், சந்தேகப்பட்ட ஐடி ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு உள்ளே நுழைந்திருந்தது. கிளைகளைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு இரண்டும் பிடிக்கவில்லை. மாலை நகலுக்குப் போனால் பேட்சை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், காலையில் கிளை திறக்காது. காபி இரண்டு சுற்று போயிற்று. நகலைத் திரும்ப ஏற்றும் வேலை, முடிவு வந்த பிறகு, அந்த வாதம் நடந்த நேரத்தில் பாதிகூட எடுக்கவில்லை.

அறிக்கைப் படிவத்தில் ‘மீட்க ஆன நேரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஏற்றத் தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை நிமிடம் போட்டார்கள். வாதாடிய நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்றேன். அது மீட்பு இல்லை, கலந்தாலோசனை என்றார் எழுதிக்கொண்டிருந்த பையன். அப்படியென்றால் தனிக் கட்டம் போடு என்றேன். டெம்பிளேட்டை மாற்ற ஆடிட்டிடம் ஒப்புதல் வாங்க வேண்டுமாம். மெயில் அனுப்பிவைத்தான், எனக்கும் நகல் போட்டிருந்தான்.